ராகு காலத்துப் பானை

டிசம்பர் 2, செவ்வாய்

என் வீட்டுக்காரருடைய எடையையும் குடித்த தண்ணீரின் அளவையும் தினமும் எழுதி வைக்கச் சொல்லி டயாலிசிஸ் சென்டர் ஜமீலா சிஸ்டர் இந்த டைரியைக் கொடுத்தார். ஒரு நாளைக்கு இரண்டு எண்தான். மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறதே என்று நானும் எழுத ஆரம்பித்துவிட்டேன். தையல்காரிக்குத் துணியானாலும் தாளானாலும் மிச்சத்தை வீணாக்க மனசு வராது.

எங்களுக்குச் செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ் மெஷினில் போட்டால் பத்து மணிக்குத்தான் எடுப்பார்கள். உள்ளே கட்டிலில் அவர். வெளியே பெஞ்சில் நானும் என் ஹெம்மிங் பையும். சிறுநீரகம் போனது அவருக்கு, முதுகு போனது எனக்கு.

இன்று சிஸ்டர் சுவரில் புதுக் காலண்டர் மாட்டினார். அவருக்குப் பக்கத்துக் கட்டில்காரர் ஞானதீபம் டீச்சர். ரிட்டயரான பாட்டு டீச்சர், வாய் ஓயாது. மெஷினில் படுத்தபடியே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தேதி பார்த்தார்.

"ஏன் பத்மாசினி, இதைப் பாத்தியா? கிறிஸ்துமஸ் வியாழன். உங்க வைகுண்ட ஏகாதசி செவ்வாய். புதுவருசம் வியாழன். பொங்கலும் வியாழன். எல்லாப் பண்டிகையும் நம்ம தலையிலயே வந்து விழுந்திருக்கு."

திங்கள், புதன், வெள்ளிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். என் வீட்டுக்காரர் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஏகாதசி என்றதும் கண்ணைத் திறந்தார்.

டிசம்பர் 4, வியாழன்

காலையிலேயே சண்டை.

இரண்டாவது ஷிப்ட் பதினொன்றரைக்கு. அதில் அறிவுடைநம்பி என்று ஒருத்தர் வருகிறார். லால்குடிப் பக்கம் ஏதோ கிராமம், வெல்டிங் வேலை பார்த்தவர், கருப்புச் சட்டைக் கட்சி. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், கூட வர ஆளில்லை. பஸ் கிடைப்பதைப் பொறுத்து ஒன்பது மணிக்கே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

இன்று தைக்கக் கொடுத்திருந்த ஒரு கல்யாண வீட்டுக்காரி போனில் ரவிக்கை எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். ராகு காலம் கழித்து வாங்க என்றேன். அதற்கு இவர் பேப்பரை மடக்காமலே கேட்கிறார்.

"ஏம்மா, வியாழக்கிழமை காலை ஆறு டு ஏழரை என்னன்னு தெரியுமா?"

"என்ன?"

"எமகண்டம். வாராவாரம் உங்க வீட்டுக்காரருக்கு எமகண்டத்துலதான் ஊசி குத்துறாங்க. ஆளு நல்லாத்தானே இருக்காரு?"

இத்தனை மாதம் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? "காலங்காத்தால இது பேசற பேச்சா அண்ணே?" என்று கத்திவிட்டேன். சிஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். மனுஷன் உடனே, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு எதிர் பெஞ்சுக்குப் போய்விட்டேன். எதிர் பெஞ்சில் ஃபேன் இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

மெஷின் இல்லாத நாள். அவர் எனக்கு ஃபியூஸ் போடக் கற்றுக்கொடுத்தார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். முப்பது வருஷம் ஒரு சுவிட்சைத் தொடவிட்டதில்லை என்னை. இப்போது ஸ்டூல் போட்டு ஏறச் சொல்கிறார். தண்ணீர் மோட்டாரில் காற்றடைத்தால் என்ன செய்வது, கேஸ் சிலிண்டருக்கு எந்த நம்பரில் பதிவது எல்லாம் சொன்னார். நீங்கள் இருக்கும்போது எனக்கெதற்கு இதெல்லாம் என்றேன். "தெரிஞ்சு வெச்சா என்ன, கசக்குமா?" என்றார்.

சைக்கிளைப் பூக்காரர் மகனுக்குக் கொடுத்துவிட்டாராம். கேட்கவே இல்லை என்னை.

கீரை வாங்கினேன். அவருக்குப் பொட்டாசியம் ஆகாதாம்; கொதிக்க வைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி, பிறகு வதக்க வேண்டும். கீரையின் ருசி முழுக்கச் சாக்கடைக்குப் போகிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

டீச்சர் அழுதார். சிரிக்கிற ஆள் அழுதால் பார்க்க முடிவதில்லை.

அவர்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் ஆராதனை விடியற்காலை நாலரைக்கு. பாவாடை கட்டின நாளிலிருந்து அதில் பாடல் குழுவில் பாடுகிறாராம். முடிய ஏழாகிவிடும். ஆறு மணி மெஷினை விட்டால் அந்த ஷிப்டில் வேறு இடமில்லை. இரண்டாவது ஷிப்டிலிருந்து யாராவது அன்றைக்கு மட்டும் ஆறு மணிக்கு வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று சிஸ்டர் சொன்னார். யார் வருவார்கள்? ஒருத்தர் புதுக்கோட்டையிலிருந்து வருகிறவர், அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. இன்னும் இரண்டு பேர் அவர்களே கிறிஸ்தவர்கள்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் வரேன்."

நாலு மணிக்கு முதல் பஸ் பிடித்தால் வந்துவிடலாமாம். டீச்சருக்கு விஷயத்தைச் சொல்ல நான்தான் உள்ளே ஓடினேன். திரும்பி வந்து, பழைய கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, "உங்களுக்கென்ன அண்ணே, சாமியா பண்டிகையா? எல்லா நாளும் ஒரே நாள்தான்" என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

டிசம்பர் 11, வியாழன்

ஏகாதசியன்று சொர்க்கவாசல் தாண்ட வேண்டுமாம் இவருக்கு. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்து ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. ஏகாதசிக்குப் பிறகு வரும் ராப்பத்து நாட்களிலும் வாசல் திறப்பார்கள், கூட்டம் குறைந்ததும் போகலாம் என்றேன். ஏகாதசி ஏகாதசிதான் என்கிறார்.

அன்றைக்கும் யாராவது ஷிப்ட் மாற வேண்டும். யாரிடம் கேட்பது? ஒருத்தர்தான் இருக்கிறார். சண்டை போட்ட வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஹெம்மிங் நூலைக் கோர்த்துக்கொண்டே கேட்டேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "சொர்க்கம்னு ஒண்ணு கிடையாதும்மா."

"தெரியும் உங்க கொள்கை. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க."

"இருங்க. சொர்க்கம் இல்ல. ஆனா அவருக்குப் போகணும்னு ஆசை இருக்கு இல்ல? ஆசை நிஜம்தானே. நான் வரேன்."

பையை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தேன். பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். ஃபேன் காற்று நன்றாக வருகிறது.

டிசம்பர் 13, சனி

எழுதாமல் தள்ளிப்போட்டது ஒன்று இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

போன மாதம் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது இவர் மெதுவாகக் கேட்டார், "இதை நிறுத்திட்டா எத்தனை நாள் டாக்டர்?" நான் கதவோரம் நின்றது அவருக்குத் தெரியாது. டாக்டர் கையைத் தட்டிக்கொடுத்து, அதெல்லாம் யோசிக்காதீங்க என்று சொல்லிப் போய்விட்டார். நேற்றுப் படுக்கும்போது சொல்கிறார், "ஏகாதசி முடியட்டும், நாம ஒண்ணு பேசணும்."

என்னவென்று நான் கேட்கவில்லை. ஃபியூஸ் போடக் கற்றவளுக்கு இது புரியாதா?

சொர்க்கவாசலுக்கு இவரைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. போகாவிட்டால் மனசு உடைந்துபோவார். போனால், பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்று படுத்துவிடுவாரோ என்று பயம்.

ஊசி குத்தும் இடது கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தொட்டால் உள்ளே ஓர் அதிர்வு தெரியும். தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் சிஸ்டர். தையல் மெஷின் ஓடும்போது மேசைமேல் கை வைத்தால் தெரியுமே, அதே மாதிரி. இவர் தூங்கின பிறகு தொட்டுப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. நாலு மணிக்கே கோலம் போட்டுவிட்டுக் கிளம்பினோம். சின்னக் கோலம்தான்.

டிசம்பர் 20, சனி

டீச்சருக்குக் கிறிஸ்துமஸ் ரவிக்கை முடித்துவிட்டேன். சிவப்புப் பட்டு. இடது கையைத் தோளிலிருந்து பிரித்து, அமுக்கினால் மூடுகிற டிச் பட்டன் வைத்துத் தைத்தேன். மேலே பார்த்தால் தெரியாது; பட்டனை விடுவித்தால் ஊசி குத்துகிற இடம் வரை திறக்கும். இல்லாவிட்டால் ஆராதனையிலிருந்து வந்து நல்ல ரவிக்கையை அவிழ்த்து நைட்டி மாட்ட வேண்டும். டீச்சர் பட்டனைத் திறந்து திறந்து மூடிக் குழந்தை மாதிரி விளையாடினார். கூலி வாங்க மாட்டேன் என்றேன். அப்படியானால் கேக் பெரிய துண்டு உனக்கு என்றார்.

டாக்டர் ஏகாதசிக்குச் சம்மதித்தார், அரை மனதாக. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவேதான் நீளமான இடைவெளி. அதில் இன்னும் ஐந்தரை மணி நேரம் கூட்டுகிறோம். எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது, மூச்சு வாங்கினால் நேராக இங்கே வர வேண்டும் என்றார். இவர் சிரிக்கிறார். "ஏகாதசிக்குத் தண்ணி இல்லாம இருக்கறதெல்லாம் எனக்கு வருசம் பூரா பழக்கம் டாக்டர்."

டிசம்பர் 25, வியாழன்

காலை ஐந்தே முக்காலுக்கே நம்பி அண்ணன் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"முதல் பஸ் முழுக்க மாலை போட்டவங்கம்மா. கருப்புச் சட்டையைப் பாத்துட்டு, சாமி வாங்க, சாமி உக்காருங்கன்னு ஜன்னலோர சீட்டு குடுத்துட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? தூக்கம் வேற. உக்காந்துட்டேன். இறங்கும்போது, சாமி சரணம்னாங்க. நான் நன்றின்னேன்."

இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மெஷினில் போடும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தார். "பேரே நம்பி. அது எங்க பெருமாள் பேருய்யா. நீங்க எங்க போனாலும் அவர் விட மாட்டார்" என்றார். "எங்கப்பா வெச்ச பேர் வேற, இது நானே வெச்சுக்கிட்டது. அதுலயும் உங்காளு பூந்துட்டாரா?" என்று பதில் வந்தது டீச்சர் கட்டிலிலிருந்து. இவர் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

பதினொன்றரைக்கு டீச்சர் வரும் வரை நாங்களும் காத்திருந்தோம். சிவப்பு ரவிக்கை, தலையில் மல்லிகை, குரல் கம்மிப்போயிருந்தது. எங்களுக்காக ஒரு பாட்டுப் பாடச் சொன்னேன். தன் பகுதியை மட்டும் பாடினார். தனியாகக் கேட்டால் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பாட்டு மாதிரியே இல்லை. "இதுக்கு மேல ஒரு குரல், கீழ ரெண்டு குரல் வேணும் பத்மாசினி. எல்லாம் சேந்தாத்தான் பாட்டு" என்றார். எனக்கு அப்படியே பிடித்துப்போயிற்று.

கேக் நோயாளிகளுக்கு விரல் அகலம். எனக்குப் பெரிய துண்டு. இவர் என் துண்டையே பார்த்தார். ஒரு முந்திரியைப் பிய்த்துக் கொடுக்கப் போனேன். சிஸ்டர் முறைத்தார். முந்திரியை நானே தின்றேன்.

டிசம்பர் 29, திங்கள்

நேற்றும் இன்றும் அளந்து அளந்து குடித்தார். நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் துண்டு. எடை ஒன்றே முக்கால்தான் கூடியிருக்கிறது.

தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

தாண்டிவிட்டோம்.

இருட்டோடு போய் வரிசையில் நின்றோம். மடக்கு ஸ்டூல் எடுத்துப் போயிருந்தேன். வரிசை நிற்கும்போதெல்லாம் அவரை உட்கார வைத்தேன். முன்னால் நின்ற யாரோ ஒரு பையனின் அப்பா அவர் கையில் புடைத்திருந்த ஊசித் தழும்புகளைப் பார்த்துவிட்டு, "பெரியவருக்கு வழி விடுங்கப்பா" என்று குரல் கொடுத்தார். ஒருத்தர் விட, இன்னொருத்தர் விட, எட்டரை மணிக்கு வாசலுக்கு வந்துவிட்டோம். ரங்கா ரங்கா என்று கூட்டம் கத்துகிறது. எல்லோரும் கையைத் தூக்கிக் கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை. அவருடைய இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தனை நெரிசலிலும் அந்த அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தது. பெருமாளே, இது ஓடட்டும் என்று மட்டும் கேட்டேன். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

சென்டருக்கு வந்தபோது நம்பி அண்ணன் கைக்கட்டோடு பெஞ்சில் இருந்தார். அவருடைய மெஷின் பத்துக்கே முடிந்துவிட்டது, போகாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"தாண்டிட்டீங்களா?"

"தாண்டிட்டேன் நம்பி சார். அந்தப் பக்கமும் கூட்டம்தான்."

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"அப்ப சரி" என்று எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார். இதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தாராம். சிஸ்டர் சொன்னார்.

டிசம்பர் 31, புதன்

ஏகாதசி முடிந்துவிட்டதே, பேசுவார் பேசுவார் என்று நாள் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வாயைத் திறந்தார். "தோசை மாவு இருக்கா?"

இருந்தது. மூன்று தோசை சாப்பிட்டார்.

ஜனவரி 1, வியாழன்

எமகண்டத்தில் புது வருஷம் பிறந்தது எங்களுக்கு. ஆளுக்குப் பாதி மிட்டாய்.

ஜனவரி 6, செவ்வாய்

இன்னும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மறந்த மாதிரியும் இல்லை. கேஸ் நம்பரைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. எப்படிக் கிழிப்பது?

ஜனவரி 10, சனி

நம்பி அண்ணன் இன்று ஒரு பெரிய பித்தளைப் பானையோடு வந்தார். பேப்பர் சுற்றி, பெஞ்சில் தனக்கும் எனக்கும் நடுவே ஒரு ஆள் மாதிரி உட்கார வைத்தார்.

"யாருக்கு அண்ணே?"

"தெருவுக்கு. பழசு ஓட்டையாயிருச்சு. எங்க தெருவுல எல்லாரும் சேந்து நடுத்தெருவுல வைப்போம். எந்தச் சாதியா இருந்தாலும் அரிசி கொண்டாந்து போடணும். முதல் பிடி நான் போடுவேன்."

"எப்ப வைப்பீங்க?"

"ராகு காலத்துலதான்" என்றார், சாதாரணமாக. "எந்தக் கிழமை வந்தாலும் அன்னிக்கு ராகு காலம் எப்பவோ அப்ப. ஒரு வருசம்கூடப் பானை பொங்காம இருந்ததில்ல. இந்த வருசம் ஒன்றரையிலிருந்து மூணு."

எனக்கு ராகு காலத்தில் புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கக்கூடக் கை வராது. ஆனால் நான் அதை யோசிக்கவில்லை. ஒன்றரையிலிருந்து மூன்று. வியாழக்கிழமை. அந்த நேரத்தில் நம்பி அண்ணன் மெஷினில் அல்லவா இருப்பார்?

"அன்னிக்கு நீங்க இங்கல்ல இருப்பீங்க?"

"ஆமா. இந்த வருசம் வேற யாராவது போடட்டும். பானை போய்ச் சேந்தா சரி."

"ஏண்ணே சொல்லல? எங்க ரெண்டு பேருக்கும் மாத்திக் குடுத்தீங்களே. பொங்கலுக்கு நீங்க கேட்டிருக்கலாமே."

பானையின் மேல் சுற்றிய பேப்பரைச் சரிசெய்தார். "எனக்கு இருக்கறதே இந்த ஒரு நாள்தாம்மா. அதைக் கேட்டு வாங்கக் கூச்சமா இருந்துச்சு. பண்டிகை இல்லாத ஆளுன்னு வேற ஆயிப்போச்சு."

அதைச் சொன்னவள் நான். பாராட்டு என்று நினைத்துச் சொன்னேன்.

என் வீட்டுக்காரரை மெஷினிலிருந்து எடுத்து வெளியே கூட்டி வந்ததும் சொன்னேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நம்பி சார், வியாழக்கிழமை நீங்க ஆறு மணிக்கு வாங்க. நான் பதினொன்றரை. பத்து மணிக்கு முடிச்சு அனுப்பிருவாங்க. ஒன்றரைக்கு ஊர்ல இருப்பீங்க."

"பொங்கலன்னிக்குப் பஸ் இருக்காது சார்."

உள்ளேயிருந்து டீச்சர் குரல். "என் மகன் கார்ல கொண்டுபோய் விடுவான். எனக்காக நாலு மணி பஸ்ல வந்தவருக்குக் கார் இல்லையா? வாயை மூடிட்டு ஒத்துக்கச் சொல்லு பத்மாசினி."

நம்பி அண்ணன் வாயை மூடிக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

இவர் அடுத்த வாரத்து நாள் ஒன்றைப் பற்றித் தானாக முடிவு செய்து நான் பார்த்து நெடுநாளாயிற்று. வீட்டுக்கு வரும் வழி முழுக்க, கார் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த வழியாகப் போனால் நெரிசல் இருக்காது என்று பேசிக்கொண்டே வந்தார்.

ஜனவரி 13, செவ்வாய்

நம்பி அண்ணனுக்குக் கருப்புத் துணியில் ஒரு சட்டை தைத்துக்கொடுத்தேன், இடது கைக்கு டிச் பட்டன் வைத்து. பண்டிகைக்குக் கருப்புத் துணி வெட்டியது இதுதான் முதல் தடவை. கத்தரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வெட்டினேன். அது என் வழக்கம். அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

சட்டையை நெஞ்சோடு வைத்து அளவு பார்த்தார். "நல்ல நேரம் பாத்துத் தெச்சீங்களா?" என்றார்.

"பாத்துத்தான் தெச்சேன். போட மாட்டீங்களா?"

"போடுவேன். துணிக்கு என்ன தெரியும்" என்று சிரித்தார்.

ஜனவரி 15, வியாழன்

காலையில் நல்ல நேரத்தில் எங்கள் வீட்டுப் பானை பொங்கியது. வெல்லம் ஆகாது என்பதால் சீனி கொஞ்சம் போட்டேன். இவருக்கு ஒரு கரண்டி. பதினொன்றரைக்கு மெஷினில் போட்டார்கள். நான் பெஞ்சில். பக்கத்தில் பேப்பர் படிக்க ஆளில்லை, வெறிச்சென்று இருந்தது.

மதியம் கைபேசி அடித்தது. வீடியோ கால். முதலில் வானம் தெரிந்தது, பிறகு யாருடைய காதோ தெரிந்தது, கடைசியில் கருப்புச் சட்டை. "அம்மா, சாருகிட்ட காட்டுங்க. பொங்கப் போவுது."

சிஸ்டரைப் பார்த்தேன். போ என்று தலையசைத்தார். உள்ளே ஓடினேன்.

தெரு நடுவே மூன்று கல் அடுப்பு, கரும்பு, புகை. சுற்றிலும் ஆளும் பேருமாக நிற்கிறார்கள். புதுப் பித்தளைப் பானையில் நுரை விளிம்புக்கு வந்து, தயங்கி, வழிந்து இறங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். நம்பி அண்ணன் கைக்கட்டோடு இரண்டு கையையும் தூக்கி, "பொங்கலோ பொங்கல்" என்றார். கட்டிலில் படுத்தபடி இவரும், "பொங்கலோ பொங்கல்" என்றார். காலையில் வழக்கம்போல் தன் ஷிப்டை முடித்துவிட்டு, மகன் அங்கே பொங்கல் பார்த்துவிட்டுக் காரோடு திரும்பி வரட்டும் என்று காத்திருந்த டீச்சர் உரக்கச் சொன்னார். நானும் சொன்னேன். ராகு காலத்தில்.

"எப்படி சார்?" என்று கேட்டார் நம்பி அண்ணன், மூச்சு வாங்க.

"புகை ஜாஸ்தி. விறகு ஈரம்" என்றார் இவர். "அடுத்த வருசம் வீடியோவுல இல்ல நம்பி சார், நேர்ல வரேன். அடுப்பு என் பொறுப்பு. நீங்க அரிசி போடுங்க, போதும்."

"வாங்க சார். முதல் பிடி உங்களுது."

கைபேசியை இவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த வருஷம் என்கிறார் இவர். அவர் வாயாலேயே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சுவரில் இருந்த கேஸ் நம்பரைக் கிழித்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ராகு காலத்தில் சொன்ன சொல் நிலைக்காது என்பாள் என் அம்மா. அடுத்த வருசம் வரேன் என்று அவர் சொன்னபோது சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே கால், முழு ராகு காலம்தான். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அவர் வாக்குக் கொடுத்தது அந்தத் தெருவுக்கு. அந்தத் தெருவில் ராகு காலம் கிடையாது.